கேனன் 100 மிமீ மேக்ரோ: சாரைப்பாம்பை எடுக்க எப்படி?

பூவும் பூச்சியும் எடுக்கத்தான் பெரும்பாலும் இந்த லென்ஸை வாங்குகிறார்கள். புதரோரம் எதிர்ப்படும் சாரை, தண்ணீர்ப்பாம்பு மாதிரி விஷமில்லாத பாம்புகளை எடுக்கவும் என் முதல் தேர்வு இதுதான். கேனன் இஎஃப் 100 மிமீ எஃப்/2.8எல் மேக்ரோ ஐஎஸ், 2009இல் வந்தது, 625 கிராம்.

மேக்ரோ, அதாவது மிகக் கிட்டத்தில் எடுக்கும் லென்ஸ், என்றதும் ஒன்றுக்கு ஒன்று அளவில், பொருளின் அசல் அளவே கேமரா சென்சாரில் விழும்படி, எடுக்கலாமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எடுக்கலாம், ஆனால் அப்போது லென்ஸின் முனைக்கும் பாம்பின் மூக்குக்கும் நடுவில் சுமார் 13 செ.மீ.தான் இருக்கும். விஷமில்லை என்பதற்காக அவ்வளவு கிட்டே முகத்துக்கு நேராக லென்ஸை நீட்டுவது கொடுமை. சாரை கழுத்தை உப்பவைத்து உறுமும், கடிக்கவும் வரும், அதற்குப் பிறகு கிடைப்பதெல்லாம் மிரண்டுபோன பாம்பின் படம்தான்.

அதனால் எனக்குப் பிடித்தது பக்கவாட்டில் இருக்கும் ஃபோகஸ் எல்லை சுவிட்ச். அதை 0.5 மீட்டருக்கு அப்பால் என்ற நிலையில் வைத்துவிட்டால் லென்ஸ் கிட்டத்தில் ஃபோகஸ் தேடி அலையாது, பாம்பு அசையாமல் கிடக்கும் அந்தக் கொஞ்ச நேரம் வீணாகாது. ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்து லென்ஸின் திறப்பைச் சுருக்கி எஃப்/8 வைத்து எடுத்தாலே போதும், தலை முழுக்கத் தெளிவாக விழுகிறது. பெரிதாக்கிப் பார்த்தால் உதட்டுச் செதில்களுக்கு நடுவே மையால் கோடிழுத்த மாதிரி கறுப்பு விளிம்புகள், வட்டமான கண்மணி, அதன் மேல் வானத்தின் வெளிச்சம். பாம்புக்கு இமை கிடையாது, கண்ணை மூடியிருப்பது கண்ணாடி போன்ற ஒரு செதில். தோலுரிக்கும் முன் அது நீலம் பாய்ந்து மங்கிவிடும், பார்வையும் மங்கும், அந்த நிலையில் இருக்கும் பாம்பை விட்டுவிடுங்கள்.

லென்ஸில் உள்ள ஐஎஸ் என்ற நடுக்கம் தடுக்கும் வசதி கை நடுக்கத்தை நாலு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் ஷட்டர் நேரம் இரட்டிப்பாவது) சமாளிக்கும் என்கிறது கேனன், ஒன்றுக்கு ஒன்றில் அது இரண்டாகக் குறைகிறது. தள்ளி நிற்க இது இன்னொரு காரணம். ட்ரைபாட் தேவைப்படவில்லை. ஆனால் நாக்கு நீளும் கணத்தைப் பிடிக்க ஐஎஸ் உதவாது, ஷட்டர் வேகத்தை 1/500 நொடிக்கு மேல் ஏற்றத்தான் வேண்டும்.

முழுப் பாம்பையும் எடுக்க இது சரிப்படாது. இரண்டு மீட்டர் சாரை நீளவாக்கில் கிடந்தால் பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவிலேயே ஐந்தாறு மீட்டர் பின்னால் போக வேண்டும், நடுவில் புல் வந்து மறைத்துவிடும்.

அப்புறம் ஒன்று, படம் விரிக்காத நாகம் தூரத்தில் சாரை மாதிரியே தெரியும். முதல் படத்தை எட்ட நின்றே எடுத்து, திரையில் பெரிதாக்கி, சாரைதான் என்று உறுதியான பிறகு உட்காருங்கள். சந்தேகம் இருந்தால் அந்த ஒரு படத்தோடு போதும். கிளைக்குக் கிளை தாவும் கொம்பேறி மூக்கனுக்கு 100 மிமீ எட்டாது, 300 மிமீ ஜூம் எடுத்துப் போங்கள், இதை வைத்துக்கொண்டு துரத்த வேண்டாம்.