வால் வெட்டாத நாய்க்கு ஷோ பயிற்சி வகுப்பு: போகலாமா?

ராட்வைலர், பாக்ஸர், டாபர்மேன் எதுவானாலும் வாலை வெட்டாமல் வளர்த்து நாய் கண்காட்சியின் ரிங்கில் (நடுவர் முன் நாயைக் காட்டும் களத்தில்) இறக்க நினைப்பவர்கள் சென்னையில் நான் போய்க்கொண்டிருக்கும் இந்த வார இறுதி வகுப்புக்கு தாராளமாகப் போகலாம். பல இடங்களில் இன்னும் குட்டை வாலுக்கான பழைய பாடம்தான், வாலைப் பிடித்து மேலே தூக்கு என்பார்கள். இங்கே அது கிடையாது. நாயை நிறுத்தியதும் கையை எடுக்கச் சொல்கிறார் பயிற்சியாளர், ஏனென்றால் எஃப்.சி.ஐ. (நாய் இனங்களுக்கான சர்வதேச கூட்டமைப்பு) விதிப்படி ராட்வைலரின் வால் முதுகுக் கோட்டின் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், ஓடும்போது லேசாக வளைந்து உயரலாம், சும்மா நிற்கும்போது தொங்கினாலும் தப்பில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது, நாயின் கவனத்தை இழுக்க ஈரல் துண்டு காட்டும் விதம். அதை உயரத் தூக்கி ஆட்டினால் நாய் துள்ளி, வால் முதுகுக்கு மேல் சுருண்டுவிடும். நெஞ்சு மட்டத்தில் அசையாமல் பிடித்தால் வால் தானாகவே இறங்கி நேராகிறது, கண்ணெதிரே தெரியும்! பயந்த நாய் வாலை இடுக்கிக்கொண்டால் லீடை (பிடிகயிற்றை) தளர்த்தி ஒரு சின்ன வட்டம் நடத்திவிட்டு மறுபடி நிறுத்துகிறார்கள், அதட்டல் இல்லை.

இங்கிலாந்தில் 2007 ஏப்ரல் 6 அன்றோ அதற்குப் பிறகோ வால் வெட்டிய நாயை, பொதுமக்கள் கட்டணம் கட்டிப் பார்க்கும் ஷோவில் பொதுவாகக் காட்ட முடியாது. நாமும் முழு வாலோடு காட்டப் பழகத்தான் வேண்டும்.

குறை என்றால் கூட்டம். ஒரே நேரத்தில் நிறைய நாய்கள், அப்புறம் மழை பெய்தால் மைதானம் சேறு. காலை முதல் பேட்சில் சேருங்கள்.