மொத்த வெட்டா, தேர்ந்து வெட்டுவதா? காட்டு மண்ணின் பக்கம் நின்று ஓர் அலசல்

என் பொறுப்பில் உள்ள காட்டில் மரம் எடுக்கும் முறையை முடிவு செய்ய வேண்டியிருந்தது. முழுப் பரப்பையும் ஒரேயடியாக வெட்டிவிட்டு மறுபடி நடுவது ஒரு வழி. முதிர்ந்ததையும் நெருக்கி நிற்பதையும் மட்டும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுப்பது இன்னொரு வழி. நான் இரண்டாவதற்குப் போனேன். மண்தான் காரணம்.

மொத்த வெட்டில் செலவு குறைவு, வேலை சீக்கிரம் முடியும், வெயில் விரும்பும் கன்றுகள் நன்றாக எழும்பும். இதிலெல்லாம் வாதமில்லை. ஆனால் நிழல் போனதும் தரை சூடேறி, சருகும் மட்கிய பொருளும் வேகமாகச் சிதைகின்றன. அப்போது வெளிவரும் நைட்ரேட் என்ற தழைச்சத்தை எடுத்துக்கொள்ள உயிருள்ள வேர்கள் போதாது. மழை கரைத்துக்கொண்டு போய்விடும். அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயரின் ஹப்பர்ட் புரூக் ஆய்வுக் காட்டில் 1965-இல் ஓர் ஓடைக்கு நீர் வந்து சேரும் பகுதியின் மரங்களை முழுவதும் வெட்டி, களைக்கொல்லி தெளித்து மறுவளர்ச்சியையும் தடுத்துப் பார்த்தார்கள். ஓடை நீரில் நைட்ரேட் பல மடங்கு ஏறியது. கால்சியமும் பொட்டாசியமும் கூடவே போயின. களைக்கொல்லி இல்லாத வழக்கமான வெட்டில் செடிகொடிகள் சீக்கிரம் முளைத்து இந்த இழப்பைக் குறைத்துவிடும், அதையும் சொல்ல வேண்டும். சரிவான நிலமாக இருந்தால் இன்னொரு ஆபத்து உண்டு. பழைய வேர்கள் மட்கி, புது வேர்கள் பிடிப்பதற்கு முந்தைய சில ஆண்டுகளில் மண் சரியலாம்.

தேர்ந்து வெட்டினால் நிற்கும் மரங்களே ஊட்டத்தைப் பிடித்து வைக்கும், வேரோடு கூடி வாழ்ந்து மரத்துக்கு ஊட்டம் சேர்க்கும் வேர்ப்பூஞ்சைகளும் பிழைத்திருக்கும். இதற்காகவே பலர் இந்த முறையைப் பாராட்டுகிறார்கள். நானும்தான். ஆனால் முடிவைத் தீர்மானிப்பது இதுவல்ல, வண்டித் தடம்.

நல்ல காட்டு மண்ணின் கன அளவில் ஏறக்குறைய பாதி வெற்றிடம். காற்றும் நீரும் வேரும் அதன் வழியாகத்தான் போகின்றன. பாரவண்டி ஏறினால் முதலில் நசுங்குவது பெரிய துளைகள். அதுவும் முதல் சில ஓட்டங்களிலேயே பெரும்பாலான சேதம் நடந்துவிடும்; அதே இடத்தில் பிறகு எத்தனை முறை ஓட்டினாலும் கூடுதல் இறுக்கம் கொஞ்சம்தான். மண் ஈரமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். இறுகிய மண்ணில் தண்ணீர் தேங்கும், வேர் ஆழம் போகாது, சக்கரப் பள்ளமே வாய்க்காலாகி மேல்மண்ணை அரித்துச் செல்லும். இது தானாகச் சரியாகப் பல பத்தாண்டுகள் ஆகலாம்.

மொத்த வெட்டில் வண்டி பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறைதான் வரும். தேர்ந்து வெட்டும் காட்டிலோ திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் மரம் நிற்கும் இடத்துக்கெல்லாம் ஓட்டினால், கடைசியில் மொத்த வெட்டைவிட அதிக நிலம் கெட்டுப்போகும். அதனால் நிரந்தரத் தடம் போட்டு, அதை விட்டு வண்டி இறங்கவே கூடாது என்று வைத்துக்கொண்டேன். ஜெர்மனியில் தடங்களுக்கு இடையே 20 அல்லது 40 மீட்டர் விடுவது வழக்கம். 4 மீட்டர் அகலத் தடம் 40 மீட்டருக்கு ஒன்று என்றால் பத்தில் ஒரு பங்கு நிலம் போகும். 20 மீட்டருக்கு ஒன்று என்றால் ஐந்தில் ஒரு பங்கு. நான் 40-ஐ எடுத்தேன். தடத்துக்கு எட்டாத மரத்தை வின்ச் (கம்பிவடத்தைச் சுற்றி இழுக்கும் பொறி) வைத்து இழுக்க வேண்டும், அந்த நேரமும் செலவும் வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் மீதி நிலம் தப்பிக்கிறது.

கிளை, இலை விஷயத்தில் இரண்டு முறைக்கும் ஒரே விதிதான். எடையோடு ஒப்பிட்டால் அடிமரத்தைவிட இலையிலும் சிறு கிளையிலும் பட்டையிலும்தான் ஊட்டம் அதிகம். தண்டை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைக் காட்டிலேயே விடுவது நல்லது. மண் இளகிய இடத்தில் கிளைகளைத் தடத்தின் மேல் பரப்பினால் வண்டிப் பாரம் பரவும். ஆனால் அந்த ஊட்டம் தடத்திலேயே தங்கிவிடும் என்ற குறையும் இருக்கிறது. நான் ஈரமான பகுதிகளில் மட்டும் பரப்புகிறேன்.

என் காடு களி கலந்த மண். காய்ந்து வெடிக்கும் களியில் இறுக்கம் ஓரளவு தானே தளரும். மணல் அதிகமுள்ள காட்டில் நான் வேலை செய்ததில்லை, அங்கே இதே கணக்கு அப்படியே பொருந்தும் என்று உறுதி சொல்லமாட்டேன். வெயில் இல்லாமல் முளைக்காத மரம்தான் வேண்டும் என்றால், முழுக் காட்டையும் வெட்டாமல் ஆங்காங்கே சிறு திறப்புகள் விடலாம். அதற்கும் தடத்தை முதலில் குறித்துவிட்டுத்தான் ரம்பத்தை எடுக்க வேண்டும்.