கம்பெனி குடுத்த கவுன்சிலிங் சர்வீஸ்: 6 செஷன்ல 4 முடிச்சவனோட ரிவ்யூ

சர்வீஸ் பேரு போடல, ஏன்னா திட்டவும் போறேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனி, நான் குவாலிட்டி சூப்பர்வைசர், வயசு 41. வருஷத்துக்கு 6 செஷன் ஃப்ரீ, அதுக்கு மேல நம்ம காசு.

நான் ஏன் போனேன்னா, மனசு சரியில்லன்னு எல்லாம் இல்லைங்க, நெஞ்செரிச்சல். ஈசிஜி, எண்டோஸ்கோபி எல்லாம் பாத்தாச்சு, நார்மல். டாக்டர் "டென்ஷன குறைங்க"ன்னாரு, எப்படின்னு சொல்லல. ஷிஃப்ட் முடிஞ்சு வந்து வீட்டு வாசல்ல வண்டிய நிறுத்திட்டு மாடி ஏறாம இருபது நிமிஷம் அப்படியே உக்காந்திருப்பேன், அது ஒரு பிரச்சனைன்னே எனக்கு தோணல.

இதுல முதல் பாராட்டு பாத்ரூமுக்கு. ஆம்பளைங்க பாத்ரூம் கதவோட உள்பக்கம் இந்த சர்வீஸோட க்யூஆர் கோடு ஒட்டியிருந்தாங்க, யாரும் பாக்காம ஸ்கேன் பண்ணலாம். யோசிச்சவன் கெட்டிக்காரன். இதே ஹெச்ஆர் நவம்பர் 19 ஆண்கள் தினத்துக்கு கேக் வெட்டி, மைக்க நீட்டி "யாராவது மனசு விட்டு பேசுறீங்களா"ன்னு கேட்டாங்க, இருநூறு பேர் முன்னாடி எவன் கை தூக்குவான், கேக் மட்டும் காலி.

இப்ப திட்டு. புக் பண்ண ஆபீஸ் மெயில் ஐடி கேட்டுச்சு, போட்டேன், நேரா காலண்டர்ல "கவுன்சிலிங் செஷன்"னு வந்து உக்காந்துருச்சு, அந்த காலண்டர் என் மேனேஜருக்கும் தெரியும். அன்னைக்கு நைட்டு தூக்கமே இல்ல, ட்ரீட்மென்ட்டுக்கு போய் வியாதிய வாங்கிட்டு வந்த மாதிரி. கம்ப்ளெயின்ட் பண்ணப்புறம் பர்சனல் நம்பர்ல மாத்தி குடுத்தாங்க. அப்புறம் டைமிங் காலைல 10 டு 7, அந்த நேரத்துல ஷிஃப்ட்ல நிக்கிறவன் என்ன பண்ணுவான்?

முதல் கவுன்சிலர் இங்கிலீஷ். நல்லவங்கதான், ஆனா எனக்கு இங்கிலீஷ்ல ஆடிட்டுக்கு பதில் சொல்ல வரும், அப்பா செத்தத பத்தி பேச வராது. தமிழ் ஆள் கேட்டேன், நாலு நாள் கழிச்சு மதுரைக்காரர் ஒருத்தர் வந்தாரு. "எப்படி ஃபீல் பண்றீங்க"ன்னு ஆரம்பிக்கல, "நைட்டு எத்தன மணிக்கு முழிப்பு வருது சார்"னு கேட்டாரு. மூணுன்னேன். "மூணு மணிக்கு என்ன கணக்கு போடுவீங்க"ன்னாரு, அவ்ளோதான், வீட்டு லோன்ல ஆரம்பிச்சு லைன்ல ரிஜெக்ட் ஆகுற பார்ட்ஸ் வரைக்கும் கொட்டிட்டேன், காருக்குள்ள ஏசி போட்டு உக்காந்து. அவருக்கு மட்டும் அஞ்சுக்கு அஞ்சு.

நடுவுல ஒரு நைட்டு ரெண்டு மணிக்கு முடியாம அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன் டெலி மானஸ் 14416க்கு போன் போட்டேன். 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சது, 24 மணி நேரமும் இருக்கு, ஃப்ரீ, தமிழ் இருக்கு, கம்பெனி ஐடி எதுவும் கேக்கல. திரும்ப போட்டா வேற ஆள் எடுத்தாங்க, கதைய முதல்ல இருந்து சொல்லணும், ஆனா அந்த நேரத்துக்கு ஒரு குரல் போதும். எங்க லைன்ல பாதிக்கு மேல கான்ட்ராக்ட் பசங்க, அவங்களுக்கு இந்த 6 செஷனே கிடையாது, வேலை நேரத்துல போனும் லாக்கர்ல. அவங்களுக்கு நான் இந்த நம்பரத்தான் சொல்றேன். 2022ல இந்தியால தற்கொலை பண்ணிக்கிட்ட 1,70,924 பேர்ல 1,22,724 பேர் ஆம்பளைங்கன்னு என்சிஆர்பி (தேசிய குற்ற ஆவணக் காப்பகம்) ரிப்போர்ட்டே சொல்லுது, அதுல தொழில் வாரியா பாத்தா தினக்கூலிக்கு போறவங்கதான் அதிகம், ஆனா கம்பெனி ஸ்கீம் எல்லாம் பர்மனென்ட் ஆளுக்குத்தான்.

இன்சூரன்ஸ் பத்தி ஒரு வரி: உடம்பு வியாதி மாதிரியே மனசு வியாதிக்கும் கவர் பண்ணணும்னு 2017 சட்டம் இருக்கு, ஆனா எங்க குரூப் பாலிசில அட்மிட் ஆனாத்தான் காசு, சைக்கியாட்ரிஸ்ட்ட சும்மா போய் பாத்துட்டு வர்றதுக்கு இல்ல. உங்க பாலிசிய எடுத்து பாத்துக்கோங்க.

நெஞ்செரிச்சல் முழுசா போகல, மூணு மணி முழிப்பு வாரத்துல ரெண்டு நாளா குறைஞ்சிருக்கு. மொத்தத்துல 3.5 குடுப்பேன், ஒன்றரை அந்த காலண்டருக்காக புடிச்சது. அஞ்சாவது செஷன் வர்ற வியாழக்கிழமை, இந்த தடவ காருக்குள்ள இல்ல, வீட்டு மொட்டை மாடில உக்காந்து பேசலாம்னு இருக்கேன், வீட்டுக்காரிட்ட சொல்லிட்டேன், "சரி, பசங்கள மேல விடல"ன்னா.