எம் கே செமிகோலன் கே எச்: சொந்த வெப்சைட் வைத்துப் பட்ட பாடு

போன வாரம் மன்னார்குடியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது நண்பன் கேட்டான்: "மாப்ள, நீ வச்சிருக்க மாதிரி நானும் சொந்தமா ஒரு வெப்சைட் போடலாம்னு பாக்குறேன். பிரயோசனம் உண்டா?"

நல்ல நாள் பார்த்துக் கேட்டான். டொமைனை, அதாவது சைட்டின் முகவரிப் பெயரை, புதுப்பிக்கச் சொல்லி அன்று காலையில்தான் மெயில் வந்திருந்தது. முதல் வருஷம் சல்லிசாகக் கொடுத்துவிட்டு இப்போது ஆறு மடங்கு கேட்கிறார்கள். "வேணாம் போடா" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் மனசு உறுத்தியது. அவனுக்குச் சொல்லாமல் விட்டதுதான் இது.

2022இல் மேட்டூர் அணையை மே 24ஆம் தேதியே பாசனத்துக்குத் திறந்தார்கள். வழக்கமான ஜூன் 12 வரைக்கும் காத்திருக்கவில்லை. என் சைட் பிறந்தது அந்த வாரத்தில்தான். எங்கள் ஊர் கடைமடை. மேட்டூர் திறந்தது பேப்பரில் வரும், கல்லணை திறந்தது படத்தோடு வரும். எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் எப்போது வந்தது என்று எவன் போடுவான்? நான் போட்டேன். மூன்று கட்டம்: மேட்டூர், கல்லணை, எங்கள் மதகு. மேட்டூர் திறந்தது 2023இல் ஜூன் 12. 2024இல் அணையில் தண்ணீர் இல்லாமல் ஜூலை 28 வரை இழுத்தது. 2025இல் மறுபடி ஜூன் 12. மூன்றாவது கட்டத்தை நானே மதகில் நின்று பார்த்து எழுதுகிறேன். படம் கிடையாது. மொத்தம் 11 கேபி. வயலில் ஒற்றைக் கோடு சிக்னலில் நின்றாலும் திறந்துவிடும். இந்த விஷயத்தில் எனக்குக் குறையே இல்லை.

குறை வேறு இடத்தில். சொந்தமாக ஒன்று வைத்த பிறகு மற்றவர்கள் வைத்திருப்பதைப் பார்க்கும் பித்து பிடித்தது. ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் பன்னிரண்டு மணி ஆகிவிடும். சொந்தப் பக்கங்களை இலவசமாக வைத்துக்கொள்ளும் நியோசிட்டீஸ் தளத்தில் மேய்வேன். ஸ்வீடன்காரர் ஒருவர் தனியாளாகத் தொடங்கிய மார்ஜினாலியா தேடுபொறியில் வாய்க்கு வந்ததைப் போட்டுப் பார்ப்பேன். வெப்ரிங் என்றால் இன்னும் குஷி. ஒருவர் பக்கத்தின் அடியில் 'அடுத்தது' என்று இருக்கும், அழுத்தினால் அடுத்தவர் பக்கம். வயலுக்கு வயல் தண்ணீர் பாய்ச்சுகிற மாதிரிதான். நடுவில் ஒருத்தர் மடையை அடைத்துவிட்டுப் போனால் கீழே இருப்பவன் வயல் காயும். பாதி வெப்ரிங்குகள் அப்படித்தான் கிடக்கின்றன.

பழைய தமிழ்ப் பக்கங்கள் படுத்தும் பாடு தனி. ஆளாளுக்கு இலவசமாகப் பக்கம் போட்டுக்கொண்டிருந்த ஜியோசிட்டீஸ் என்ற தளத்தை 2009 அக்டோபரில் மூடியபோது ஆர்வலர்கள் ராப்பகலாக அள்ளிச் சேமித்த குவியலில் தமிழும் இருக்கிறது. ஆசையாகத் திறந்தால் ஒரே ஆங்கில எழுத்துக் குப்பை. எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறை பரவாத காலத்தில் அவரவர் ஒரு எழுத்துருவில் அடித்து, 'இந்த ஃபான்ட்டை இறக்கிக்கொள்ளுங்கள்' என்று மேலே எழுதி வைத்தார்கள். பக்கம் பிழைத்துவிட்டது, ஃபான்ட் இருந்த இணைப்பு செத்துவிட்டது. பாமினி என்ற எழுத்துருவில் அடித்திருந்தால் 'அம்மா' என்பது எம், கே, செமிகோலன், கே, எச் என்று நிற்கும். எழுத்துருமாற்றியில் ஒட்டினால் தமிழ் வந்துவிடும் என்பது நிஜம்தான். ஆனால் அது பாமினியா, அல்லது அந்தக் காலத்து வேறு முறைகளான டிஸ்கியா, டாப்பா என்று நாம்தான் ஊகிக்க வேண்டும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதற்குள் பொறுமை போய்விடும். 'இன்னதில் அடித்தேன்' என்று ஒரு வரி எழுதி வைத்தால் கை தேய்ந்தா போகும்?

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, அது வேறு கதை. 2023இல் என் பக்கத்தைத் திருத்தி எழுதியபோது, 'இது யுடிஎஃப்-8 (யூனிகோடைச் சேமிக்கும் முறை)' என்று பிரவுசருக்குச் சொல்லும் ஒற்றை வரி விட்டுப்போனது. என் கம்ப்யூட்டரில் இருந்த கோப்பைத் திறந்து பார்த்தேன், தமிழ் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. வெளியில் பார்த்தவர்களுக்குத் தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், அப்படியே பக்கம் முழுக்க. இரண்டு மாசம். ஒருத்தரும் சொல்லவில்லை. சொல்ல யார் வந்தார்கள்? கடைசியில் சித்தப்பாதான் போன் போட்டார். "என்னடா, உன் பக்கத்துல பூராவும் ஆர் ஆர்னு இருக்கு, வைரஸா?"

அவர் ஒருத்தர்தான் எனக்கு நிரந்தர வாசகர். அதுவும் படிக்க வருவதில்லை, சண்டைக்கு வருகிறார். '24இல் எங்கள் பக்கம் தண்ணீர் வந்தது ஆடிப்பெருக்குக்கு முன்னாலா பின்னாலா என்று டீக்கடையில் தகராறு. சித்தப்பா போனை எடுத்து என் பக்கத்தைக் காட்டியிருக்கிறார். எதிராளி, "உன் அண்ணன் மவன் எழுதுனதுதான, நீ சொல்ற மாதிரி எழுதிருப்பான்" என்று எழுந்து போய்விட்டாராம். நாலு வருஷத்தில் என் சைட்டைப் பற்றி வெளி ஆள் சொன்ன ஒரே விமர்சனம் இது.

ஆனால் ஒரு ராத்திரி நடந்ததை மறைத்தால் பாவம். அந்த ஜியோசிட்டீஸ் குவியலில் யாரோ ஒருவர் தன் ஊர்க் குளத்தை இறைத்து மீன் ஏலம் விட்ட நாளைப் பற்றி எழுதியிருந்தார். மாற்றியைத் தேடிப் போகாமலே முதல் நாலு வரியைப் படித்துவிட்டேன். செமிகோலன் வந்தால் புள்ளி, எச் வந்தால் கால். எனக்கே தெரியாமல் கண் பழகியிருக்கிறது. விரால் என்ன விலை போனது என்பது வரைக்கும் எழுதியிருந்த மனுஷன், ஊர்ப் பெயரை எழுதவில்லை. அதற்கும் கோபம்தான் வந்தது.

ஆகவே, மாப்ள: என் தீர்ப்பு இன்றைக்கும் 'வேண்டாம்'தான். அஞ்சுக்கு ரெண்டு மார்க். டொமைனை நான் புதுப்பிக்கப் போவதில்லை. நியோசிட்டீஸில் ஒரு ஜிபி இலவசம், என் 11 கேபியை அங்கே தூக்கிப் போட்டாயிற்று. முகவரி மாறியதைச் சித்தப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை. நீ கேட்க மாட்டாய், போடத்தான் போகிறாய். போட்டதும் உன் வீட்டுக் கம்ப்யூட்டரில் பார்க்காதே, என் போனுக்கு அனுப்பு. ஆர் ஆர் என்று வருகிறதா என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.