பிளாக் ஆகாமல் தரவு எடுக்க எந்த ப்ராக்ஸி? ஓர் ஒப்பீடு

போன ஆனி மாதம் ஒரு காலையில் பக்கத்துத் தெருப் பெரியப்பா போன் செய்தார். “தம்பி, நேத்து ஏலத்துல பருத்தி விலை சைபர்னு வந்திருக்கே, வாங்க யாருமே வரலையா?” ஏலம் நடந்திருந்தது, விலையும் போயிருந்தது. கோடைப் பருத்தியை மூட்டை கட்டி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு ஏற்றுவதா, இன்னும் ஒரு வாரம் வைத்திருப்பதா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது.

மேட்டூர் நீர்மட்டம், நெல், உளுந்து, பருத்தி விலை ஆகியவற்றைச் சில தளங்களிலிருந்து எடுத்துத் தினமும் விடியற்காலையில் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்ப ஒரு ஸ்கிரிப்ட், அதாவது தானாக ஓடும் சின்ன நிரல், வைத்திருக்கிறேன். அன்றைக்கு விலைப் பக்கம் ஸ்கிரிப்டைத் தடுத்துவிட்டது. தளம் அனுப்பிய பதில் குறியீடு என்னவோ 200, அதாவது எல்லாம் சரி என்று அர்த்தம். ஆனால் உள்ளே பட்டியலுக்குப் பதில் ‘நீங்கள் மனிதர்தானா’ என்று கேட்கும் கேப்சா. வழக்கமாக 86 கேபி வரும் பக்கம் அன்றைக்கு 4 கேபிதான் வந்திருந்தது. ஸ்கிரிப்ட் விலையைத் தேடி, கிடைக்காமல் சைபர் போட்டு அனுப்பிவிட்டது.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் ஒவ்வொரு ப்ராக்ஸி வகையாக வைத்துப் பார்த்தேன். ப்ராக்ஸி என்றால் நமக்குப் பதிலாகத் தளத்திடம் கேட்டு வாங்கித் தரும் இடைச் சர்வர். நம் ஐ.பி. முகவரிக்கு (இணையத்தில் நம் இணைப்பின் எண்) பதில் அதன் முகவரிதான் தளத்துக்குத் தெரியும். வாங்கும் முன் எல்லோரும் செய்யவேண்டியது ஒன்று உண்டு: தடுப்பது யார் என்று பார்ப்பது. பதில் குறியீடு 407 வந்தால் தளம் உங்களைத் தடுக்கவே இல்லை. ப்ராக்ஸி சர்வர்தான் உங்கள் பெயரையும் கடவுச்சொல்லையும் ஏற்கவில்லை. 429 என்றால் அடிக்கடி கேட்கிறீர்கள் என்று தளம் சொல்கிறது. எத்தனை விநாடி பொறுக்க வேண்டும் என்பதையும் பல தளங்கள் ‘ரிட்ரை-ஆஃப்டர்’ தலைப்பில் சொல்லிவிடும். 403 என்றால் உங்கள் முகவரியோ, நீங்கள் வந்த விதமோ பிடிக்கவில்லை. முகவரியை மாற்றுவதைப் பற்றி யோசிக்கவேண்டியது இந்தக் கடைசி வகையில் மட்டும்தான், அதிலும் எப்போதும் பலன் கிடைக்காது.

விலையில் மலிவானது டேட்டா சென்டர் ப்ராக்ஸி. வேகம் நன்றாக இருக்கும், பெரும்பாலும் ஐ.பி. ஒன்றுக்கு இவ்வளவு என்று மாத வாடகை. ஆனால் அது எந்தக் கிளவுட் நிறுவனத்தின் (சர்வர்களை வாடகைக்கு விடும் நிறுவனம்) முகவரி என்று தளத்துக்கு உடனே தெரிந்துவிடும். அமேசான் தன் கிளவுட் ஐ.பி. வரம்புகளை எல்லோரும் பார்க்கும்படியே வெளியிடுகிறது. அந்தப் பட்டியலை வைத்து மொத்தமாகத் தடுத்துவிட முடியும். பக்கத்து எண்ணில் இருப்பவர் ஒரு தளத்தை இரவெல்லாம் குடைந்தால், 256 முகவரி கொண்ட அந்தத் தொகுதியே அடைபடும். நீங்கள் ஒன்றுமே செய்திருக்க மாட்டீர்கள், ஆனால் உங்களுக்கும் 403. இன்னொன்று: நம் அரசுத் தளங்களில் சில வெளிநாட்டு முகவரிக்குத் திறப்பதே இல்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று ஜெர்மனி சர்வரை எடுத்தால் அவற்றின் முதல் பக்கம்கூட வராது. எடுப்பதானால் மும்பையோ ஹைதராபாத்தோ பார்த்து எடுங்கள்.

ரெசிடென்ஷியல் ப்ராக்ஸி இதற்கு நேர் எதிர். யாரோ ஒரு வீட்டு பிராட்பேண்ட் முகவரி வழியாக நீங்கள் போவதால், தளத்தின் கண்ணுக்கு வீட்டிலிருந்து பார்க்கும் ஒருவராகத் தெரிவீர்கள். தடுப்பு குறையும், உண்மைதான். ஆனால் வாடகை ஜிபி கணக்கில் ஏறும். படம், எழுத்துரு, விளம்பரம் எல்லாம் சேர்த்து ஒரு பக்கம் 2 எம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் 40 பக்கம் எடுத்தால் 80 எம்பி, மாதத்துக்கு 2.4 ஜிபி. அதே பக்கத்தின் வெறும் எச்டிஎம்எல், அதாவது படமெல்லாம் இல்லாத எழுத்துக் கோப்பு, 86 கேபி என்றால் மாதம் முழுவதும் எடுத்தாலும் சுமார் 100 எம்பிதான். பக்கத்தோடு என்னென்ன இறங்குகிறது என்று பார்க்காமல் இதை எடுத்தால் பில் வரும்போது நெஞ்சு அடைக்கும்.

அதைவிட என்னை உறுத்தியது வேறு. அந்த ‘யாரோ ஒரு வீடு’ யாருடையது? தன் இணைப்பு வாடகைக்குப் போவது அந்த வீட்டுக்காரருக்குத் தெரியுமா? 2024 மே மாதம் 911 எஸ்5 என்ற ப்ராக்ஸி வலையை அமெரிக்க அதிகாரிகள் முடக்கினார்கள். 1.9 கோடிக்கும் மேற்பட்ட ஐ.பி. முகவரிகள் அதில் சிக்கியிருந்தன. இலவச வி.பி.என். செயலி என்று நம்பி நிறுவியவர்களின் கணினிகள் அவை. நான் விசாரித்த ஒரு விற்பனையாளரிடம் முகவரிகள் எப்படி வருகின்றன என்று மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் தள்ளுபடி விலையைத்தான் சொன்னார். அவரிடம் வாங்கவில்லை. சம்மதம் வாங்கி, அதற்குக் காசும் கொடுத்து நடத்துகிறவர்கள் உண்டு. அதை எழுத்தில் காட்டாதவரிடம் எவ்வளவு மலிவு என்றாலும் போகாதீர்கள்.

செல்போன் இணைப்பு வழியாகப் போகும் மொபைல் ப்ராக்ஸியைத் தடுக்கத் தளங்கள் ரொம்பவே தயங்கும். செல்போன் நிறுவனங்கள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் ஏராளமான சந்தாதாரர்களை வைத்திருப்பதுதான் காரணம். நீங்கள் அத்துமீறினால் கேப்சா வருவது அத்தனை பேருக்கும்தான். விலையும் அதிகம். சின்ன வேலைக்குச் சொந்த சிம் போட்ட டாங்கிளே போதும்.

எந்த ப்ராக்ஸி எடுத்தாலும் தீராத சிக்கல்கள் சில உண்டு. பைதான் ஸ்கிரிப்டில் ‘குரோம்’ என்று பெயர் எழுதிவிட்டாலும், பாதுகாப்பு இணைப்பைத் தொடங்கும் விதத்திலேயே அது குரோம் இல்லை என்று தெரிந்துவிடும். ஐ.பி. மாறும், அந்தக் கைரேகை மாறாது. குக்கீ (தளம் நம்மை அடையாளம் காண வைக்கும் சிறு குறிப்பு) ஒன்றாகவே இருக்க, ஒவ்வொரு கோரிக்கைக்கும் முகவரி சென்னை, சூரத், பாட்னா என்று தாவினால் சந்தேகம் கூடத்தான் செய்யும். இப்படி முகவரியை மாற்றிக்கொண்டே இருக்கும் சுழற்சி ப்ராக்ஸி வாங்கியும் பிளாக் ஆகிறது என்று புலம்புகிறவர்கள் முதலில் இதைப் பார்க்கலாம். பிளேரைட் போன்ற கருவியால் உண்மையான பிரவுசரையே ஓட்டினால் இதில் பாதி தீரும். ஆனால் நினைவகம் நிறையத் தின்னும், ஜிபி கணக்கும் எகிறும். ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமல் திறக்காத பக்கத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

இத்தனைக்கும் எதிரே நான் நிறுத்துவது சொந்த வீட்டு இணைப்பை, மெதுவாக. மேட்டூரில் தண்ணீர் குறைந்தால் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் முறை வைத்துத்தான் திறப்பார்கள். அதே மாதிரி 40 பக்கத்துக்கு 15 விநாடி இடைவெளி விட்டால் 10 நிமிடம் ஆகும். விடியற்காலை 4 மணிக்கு எனக்கு என்ன அவசரம்? முன்பு அந்த 40 பக்கத்தையும் நான்கே விநாடியில் ஒருசேரக் கேட்டுக்கொண்டிருந்தேன். தளம் தடுத்ததில் நியாயம் இருந்தது, அதை நடத்துகிறவர்களுக்கும் சர்வர் செலவு இருக்கிறதே. நேற்றிலிருந்து பக்கம் மாறியிருந்தால் மட்டும் கொடு என்று கேட்கவும் வழி இருக்கிறது. மாறவில்லை என்றால் 304 மட்டும் வரும், பக்கம் வராது. இந்த இரண்டையும் செய்தபின் என் வீட்டு முகவரி ஒருமுறைகூட அடைபடவில்லை. ஒரே குறை மின்சாரம். 2018 கஜா புயலுக்குப் பிறகு டெல்டாவில் எத்தனை ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன என்பது நமக்குத் தெரியும். தினமும் தவறாமல் ஓடவேண்டிய வேலையென்றால், இந்திய டேட்டா சென்டரில் சின்ன சர்வர் ஒன்றைத் துணைக்கு வைத்துக்கொள்வது நல்லது, அங்கேயும் இதே இடைவெளியோடு.

விலைத் தரவுக்கு இதையெல்லாம் செய்யும் முன்பே தட்டவேண்டிய கதவு ஒன்று இருந்தது. மத்திய அரசின் டேட்டா.கவ்.இன் (data.gov.in) தளத்தில் சந்தைகளின் தினசரி விலை ஏ.பி.ஐ.யாகவே, அதாவது ஸ்கிரிப்ட் நேரடியாகக் கேட்டு வாங்கும் வழியாகவே, கிடைக்கிறது. பதிவு செய்தால் சாவி தருகிறார்கள். ப்ராக்ஸி வேண்டாம், கேப்சா இல்லை, பக்க வடிவம் மாறினால் ஸ்கிரிப்ட் உடைவதும் இல்லை. எல்லாச் சந்தையும் எல்லா நாளும் அதில் வராது, அந்த இடைவெளிக்கு மட்டும் பக்கத்திலிருந்து ஸ்கிரிப்டால் எடுத்தால் போதும். எடுக்கும் தளத்தின் ரோபோட்ஸ்.டெக்ஸ்டை (robots.txt: ஸ்கிரிப்டுகள் எங்கே வரலாம், எங்கே கூடாது என்று தளம் சொல்லும் கோப்பு) முதலில் படித்துவிடுங்கள். 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, அனுமதியில்லாமல் தரவை நகலெடுப்பதையும் பேசுகிறது. லாகின் கேட்கும் இடத்துக்கும் தனிநபர் விவரத்துக்கும் எந்த ப்ராக்ஸியோடும் போகவேண்டாம்.

இப்போது என் ஸ்கிரிப்ட் முதலில் ஏ.பி.ஐ.யைக் கேட்கிறது, இல்லாததை வீட்டு இணைப்பில் மெதுவாக எடுக்கிறது. தன் பெயர், என் மின்னஞ்சல் இரண்டையும் ஒவ்வொரு கோரிக்கையிலும் சொல்கிறது. பக்கம் 40 கேபிக்குக் கீழே வந்தாலோ விலைக் கட்டம் காலியாக இருந்தாலோ சைபர் போகாது. ‘இன்று விலை வரவில்லை’ என்று குழுவுக்கு ஒரு வரி போகும். அந்த வரியைப் பார்த்ததும் பெரியப்பா விற்பனைக்கூடத்துக்கே போன் போட்டுக் கேட்டுக்கொள்கிறார்.