கேம் பாய் கேசட்டுக்குப் பெட்டரி மாற்றிய கதை: நாலு வருஷ அனுபவம்

இலங்கை மலைநாட்டு ஹட்டனில் ஜூலை மாதம் என்றால் உடுப்பு காயாது, தீப்பெட்டி பற்றாது. அந்த ஈரத்தில் வருஷக்கணக்காக அலுமாரிக்குள் கிடந்த, கையில் பிடித்து விளையாடும் கேம் பாய் கருவியில் செருகும் மூன்று கேசட்டுகளை 2021 முடக்கக் காலத்தில் வெளியே எடுத்தேன். குவைத்தில் வேலை செய்த அத்தை கொண்டுவந்து தந்தவை: போகிமொன் கோல்ட், போகிமொன் சஃபையர், அப்புறம் அக்காவின் செல்டா (லிங்க்ஸ் அவேக்கனிங் டீஎக்ஸ்). மூன்றும் ஓடின. ஆனால் கோல்டில் ஆட்டத்தைச் சேமித்துவிட்டு அணைத்தால் மறுநாள் ஒன்றும் இருக்காது. செல்டாவில் அக்காவின் பெயர் அப்படியே நின்றது.

காரணம் சின்னதுதான். கோல்ட், செல்டா போன்ற பழைய கேசட்டுகளில் சேமித்தது இருப்பது எஸ்ராம் என்ற சிப்பில். கரண்ட் நின்றால் அது எல்லாவற்றையும் மறந்துவிடும். மறக்காமல் பிடித்து வைத்திருப்பது உள்ளே உள்ள 3 வோல்ட் காசுப் பெட்டரி. கோல்டில் அதே பெட்டரிதான் இரவு பகல் காட்டும் கடிகாரத்தையும் ஓட்டுகிறது. அதனால் செல்டாவுக்கு முன்னால் அது செத்துப்போனதில் அதிசயம் இல்லை.

கோல்டைத் திறக்க 3.8 மில்லிமீட்டர் தனி ஸ்குரூ டிரைவர் வேண்டும். அது இல்லாமல் பேனாவின் பிளாஸ்டிக் முனையை இளக்கி ஸ்குரூவில் அழுத்திப் பிடித்து, ஆறிய பிறகு திருகினேன். ஒரு கேசட்டுக்கு வேலை செய்தது. அடுத்ததற்கு முனை வழுக்கிவிட்டது, டிரைவரை வாங்கத்தான் வேண்டியிருந்தது. உள்ளே இருந்தது சிஆர்2025. 20 என்றால் குறுக்களவு 20 மில்லிமீட்டர், 25 என்றால் தடிப்பு 2.5 மில்லிமீட்டர். 2032 இன்னும் தடிப்பு, அதைத் திணித்தால் மூடி உப்பிக்கொண்டு நிற்கும்.

முதல் முறை நான் செய்தது சோம்பேறி வேலை. பழைய பெட்டரியின் தகடுகளை நெம்பி எடுத்து, கடையில் வாங்கிய சாதாரண பெட்டரியை நடுவில் வைத்து, கறுப்பு டேப்பைச் சுற்றி மூடிவிட்டேன். எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் கரண்ட் வெட்டினார்களே, அந்த நாட்கள் நினைவிருக்கும். போனில் சார்ஜ் இல்லை, டிவி இல்லை. கேம் பாய் கலருக்கு டோர்ச்சுக்குப் போடுகிற சின்னப் பெட்டரி ரெண்டு போதும் என்பதால் வீட்டில் அதற்குத்தான் அடிபிடி. அக்காவின் மகன் மெழுகுதிரி வெளிச்சத்தில் விளையாடிக்கொண்டிருந்தவன் கட்டிலில் இருந்து கேசட்டைக் கீழே போட்டான். எடுத்து மறுபடி செருகிவிட்டு, "மாமா, எல்லாம் போச்சு!" என்று அழுகை. திறந்து பார்த்தால் டேப்பின் பசை குழைந்து பெட்டரி ஒரு பக்கம் நகர்ந்திருந்தது. ஒரு கணம் தகட்டை விட்டு விலகினாலே போதும், எட்டு மாத விளையாட்டு காலி. அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

அன்றிலிருந்து டேப்பைக் கைவிட்டேன். தகடு முன்கூட்டியே ஒட்டி வருகிற பெட்டரிகள் உண்டு, அவற்றை வெளிநாட்டில் இருந்து வரவழைத்தேன். வெறும் பெட்டரியின் மேலேயே ஈயம் வைக்கப் பார்க்காதீர்கள். சூட்டில் அது வீங்கும், சில வேளை வெடிக்கவும் செய்யும். தகட்டின் நுனியில் மட்டும் ஈயம் உருக்கும் அயனை இரண்டு மூன்று வினாடி வைத்து எடுத்தால் சரி. பலகையில் கூட்டல், கழித்தல் குறி அச்சிட்டிருக்கும், அதை இரண்டு தரம் பாருங்கள்.

செல்டாவில் மட்டும் அவசரப்படவில்லை. பெட்டரியைக் கழற்றினால் அக்காவின் ஆட்டம் அந்தக் கணமே போய்விடும். அதனால் கேசட்டைக் கணினியில் செருகிப் படிக்கிற கருவி ஒன்றை வாங்கினேன். முதலில் சேமித்ததைக் கோப்பாக எடுத்தேன், பெட்டரியை மாற்றினேன், கோப்பைத் திரும்ப எழுதினேன். பழைய பெட்டரியை மீட்டரில் வைத்தபோது 2.6 வோல்ட். இன்னும் சில வருஷம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. என்னைக் கேட்டால் இந்த வேலையில் காசு கொடுக்க வேண்டியது பெட்டரிக்கு அல்ல, இந்தக் கருவிக்குத்தான்.

சஃபையர் வேறு சாதி. தொடங்கும்போது பெட்டரி தீர்ந்துவிட்டது என்று எழுத்து வரும், பலரும் பயந்துவிடுகிறார்கள். அதில் சேமிப்பு ஃபிளாஷ் சிப்பில் இருக்கிறது, பெட்டரி இல்லாவிட்டாலும் போகாது. உள்ளே இருக்கும் சிஆர்1616 கடிகாரத்துக்கு மட்டும். அதை மாற்றிய பிறகும் பழைய ஆட்டத்தில் பழச்செடிகள் வளரவில்லை. கடிகாரம் ஆரம்பத்துக்குப் போய்விட்டது, ஆட்டமோ பழைய தேதியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. புதிதாகத் தொடங்கினேன், வளர்ந்தது.

இடையில் போகிமொன் எமரல்ட் என்று ஒருவரிடம் வாங்கியது போலி. திறந்தால் பெட்டரியே இல்லை, சிப்பின் இடத்தில் கறுப்புப் பொட்டு. அதற்கு மருந்து கிடையாது.

தகட்டுப் பெட்டரி போட்டு இப்போது மூன்று வருஷம். கோல்ட், செல்டா இரண்டும் ஒரு தரமும் மறக்கவில்லை. போன மாதம் அளந்தபோது இரண்டிலும் 3 வோல்ட்டுக்கு மேல். ஆனால் இந்த எண்ணை நம்பி இருக்க முடியாது: லித்தியம் பெட்டரி கடைசிவரை ஒரே மட்டத்தில் நின்றுவிட்டுத் திடீரென்று விழும். அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் கோப்பை எடுத்து வைக்கிறேன்.

இங்கத்தைய தொல்லை பெட்டரியை விட ஈரம்தான். செருகும் உலோகப் பற்களில் பாசி மாதிரி ஒன்று படிகிறது. வாயால் ஊதினால் எச்சில்தான் சேரும். காது துடைக்கும் பஞ்சில் ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தொட்டுத் துடைக்கிறேன். பிறகு கேசட்டுகள் எல்லாம் பால்மா டின்னுக்குள், சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு.

தீபாவளிக்கு அக்கா கொழும்பில் இருந்து வந்தபோது செல்டாவைக் கையில் கொடுத்தேன். ஏழாவது கட்டமான கோபுரத்தில், இரும்புக் குண்டைத் தூக்கித் தூணை உடைக்க வேண்டிய இடத்தில் நிறுத்தியிருந்திருக்கிறாள். "குண்டு எங்கடா?" என்று என்னைக் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்.