ஜிம்னிக்கு டிஃபரன்ஷியல் கார்டு: இரண்டு வருடம் கல்லில் உரசிய பிறகு

தாண்டிக்குடிப் பக்கம் எங்கள் காப்பித் தோட்டத்துக்குத் தார் ரோட்டிலிருந்து நாலு கிலோமீட்டர் ஜீப் ரோடு. ரோடு என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்ணெல்லாம் கரைந்து ஓடிவிடும், கல் மட்டும் நிற்கும். போன வருடம் தரையோடு தரையாகக் கிடந்த கல் இந்த வருடம் முக்கால் அடி எழும்பி நிற்கும். மனப்பாடமாகத் தெரிந்த வழி என்று நினைத்து ஓட்டினால் மாட்டிக்கொள்வோம்.

2023 ஆகஸ்டில் மாருதி ஜிம்னி எடுத்தேன். வாரத்துக்கு மூன்று நாள் இந்த வழியில் ஏறி இறங்குகிறேன். எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆசைக்கு ஆஃப்ரோடு போகிறவர்களுக்கு என் அனுபவம் அப்படியே பொருந்தாது. எனக்கு ஒரே கல், ஒரே வளைவு, நூற்றுக்கணக்கான முறை.

அந்த நவம்பரிலேயே அடி வாங்கினேன். இறக்கத்தில் முன்பக்கம் அடியில் "டங்" என்று ஒரு சத்தம். வண்டி நிற்கவில்லை, நானும் இறங்கிப் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் காப்பி உலர்த்தும் களத்தில் தேங்காய் மூடி அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம். விரலில் தொட்டு மோந்தால் கியர் ஆயிலுக்கே உரிய அந்தக் கந்தக நாற்றம். பக்கத்துத் தோட்டத்துப் பழைய ஜீப் ஓட்டுகிற அண்ணன் மல்லாந்து படுத்துப் பார்த்துவிட்டு, "கிரவுன் டப்பாவுல வாங்கிட்டீங்க தம்பி" என்றார். துணி சோப்பை ஈரமாக்கிக் கசிவின் மேல் அழுத்தித் தேய்த்தார். அதை நம்பி மெதுவாக வத்தலகுண்டு வரைக்கும் இறக்கிவிட்டேன்.

மெக்கானிக் ஆயிலை வடித்துப் பிரித்துக் காட்டியபோதுதான் வயிறு கலங்கியது. முன் டிஃபரன்ஷியலின், அதாவது எஞ்சின் சக்தியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர் தொகுதியின், வெளிக்கூடு உள்நோக்கி நசுங்கியிருந்தது. உள்ளே சுற்றும் கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்துக்கும் நசுங்கிய இடத்துக்கும் நடுவில் ஒரு தீக்குச்சி நுழையும், அவ்வளவுதான் இடைவெளி. இன்னொரு அடி விழுந்திருந்தால் பல்லில் தகடு உரசி, இரும்புத் தூள் ஆயிலில் கலந்து, பேரிங் வரை போயிருக்கும். நல்லவேளையாக நசுங்கலை எடுத்து, விரிசலை அடைத்து, புது ஆயில் ஊற்றியதோடு முடிந்தது.

நசுங்கியது ஏன் முன்பக்கம், ஏன் அந்த இடம்? வாங்குகிற ஆள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். ஜிம்னிக்கு முன்னும் பின்னும் ரிஜிட் ஆக்ஸில், அதாவது இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே முழு அச்சு. இரண்டிலும் கியர்கள் உட்கார்ந்திருக்கும் கனமான வார்ப்பு மூக்கு, எஞ்சின் சக்தியைக் கொண்டுவரும் புரொப்பல்லர் ஷாஃப்ட் வரும் திசையில், அதாவது வண்டியின் நடுப்பகுதியைப் பார்த்து இருக்கும். அதற்கு எதிர்ப்பக்கம் வெறும் தகட்டுக் கிண்ணம். முன் ஆக்ஸிலில் அந்தக் கிண்ணம் முன்னால் பார்த்து நிற்கிறது. நாம் முன்னோக்கிப் போகும்போது கல் நேராக வந்து மோதுவது அதன் மேல்தான். பின் ஆக்ஸிலில் முன்னால் பார்ப்பது கனமான வார்ப்பு. கிண்ணம் பின்னால் இருப்பதால், ரிவர்ஸில் வந்தாலோ ஏற்றத்தில் வண்டி பின்னால் சரிந்தாலோதான் அதற்கு ஆபத்து. ஆக, முன் டிஃபரன்ஷியலும் பின் டிஃபரன்ஷியலும் அடி வாங்கும் விதமே வேறு. இரண்டுக்கும் ஒரே மாதிரிக் கார்டு, அதாவது அடி தாங்கும் தகடு, விற்கிறவர்களிடம் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பேச வேண்டும்.

"லிஃப்ட் கிட் போட்டுக்கொள், இந்தத் தொல்லையே இருக்காது" என்று சொல்ல நாலு பேர் வருவார்கள். ஸ்பிரிங்கை உயர்த்தினால் பாடி உயரும், சேஸிஸ் உயரும். ரிஜிட் ஆக்ஸிலில் டிஃபரன்ஷியல் சக்கரத்தோடு சேர்ந்தே இருக்கிறது. அது ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. அதை உயர்த்த நடைமுறையில் ஒரே வழி பெரிய டயர், அதிலும் கூடுதல் விட்டத்தில் பாதிதான் கிடைக்கும். கம்பெனி டயர் 195/80 ஆர் 15, விட்டம் சுமார் 693 மி.மீ. நான் மாற்றியது 215/75 ஆர் 15, சுமார் 703 மி.மீ. ஆக 5 மி.மீ. லாபம். கம்பெனி சொல்லும் கிரவுண்ட் கிளியரன்ஸ் 210. கார்டு போட்டால் 4 மி.மீ. தகடு, கூட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே 6 மி.மீ. இடைவெளி, மொத்தம் 10 போகும். டயரால் வந்ததையும் சேர்த்து எனக்கு நிகர நஷ்டம் 5 மி.மீ. இந்தக் கணக்கை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. கார்டு போட்ட வண்டி முன்பைவிட அதிகமாகத் தட்டும். ஆனால் தட்டுவது தகட்டில்.

முதலில் ஆன்லைனில் வந்த ஒரு செட்டை வாங்கினேன், முன்னுக்கும் பின்னுக்குமாக 6 மி.மீ. அலுமினியம். பார்க்க அழகு. எடையும் குறைவு, ஒரு அடிக்கு முக்கால் அடித் துண்டு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல்தான் வரும், அதே அளவு 4 மி.மீ. எஃகு இரண்டு கிலோவைத் தாண்டும். ஆக்ஸிலில் தொங்கும் எடை ஸ்பிரிங் தாங்காத எடை. சுமார் 1200 கிலோ வண்டியில் அது சவாரியில் தெரியும் என்று பயந்துதான் அலுமினியம் எடுத்தேன். நிஜத்தில் இந்த ஒரு கிலோ வித்தியாசத்தை என் முதுகு கண்டுபிடிக்கவே இல்லை. அலுமினியம் மெலிவு என்பதும் இல்லை. 6 மி.மீ. அலுமினியம் வளைவதில் 4 மி.மீ. எஃகுக்குச் சளைத்ததல்ல. அதன் குறை வேறு இடத்தில். அது மெத்தென்ற உலோகம். எங்கள் ஊர்க் கருங்கல் அதில் பல் பதித்துக்கொள்கிறது. எஃகு கல்லின் மேல் "சர்ர்ர்" என்று வழுக்கிப் போகிற இடத்தில் அலுமினியம் பிடித்துக்கொண்டு நிற்கும். மூன்று மாதத்தில் முன்தகடு தேங்காய்த் துருவி மாதிரி ஆகிவிட்டது. அந்தச் சொரசொரப்பு வந்த பிறகு இன்னும் மோசமாகப் பிடித்தது. மணலிலும் சேற்றிலும் ஓட்டுகிறவர்களுக்கு அலுமினியம் போதும். பாறைக்கு எஃகுதான்.

பின்தகடு இன்னொரு பாடம் கற்பித்தது. அது முன்பக்கம் சரிவாகவும் பின்பக்கம் வெட்டிவிட்டது போலவும் இருந்தது. களத்துக்குத் திரும்பும் கொண்டை ஊசி வளைவில் ஒரே மூச்சில் திரும்ப முடியாது, ஒரு ரிவர்ஸ் போட்டே ஆக வேண்டும். அப்படி ரிவர்ஸ் எடுத்தபோது தகட்டின் பின்விளிம்பு மண்வெட்டி மாதிரி கல்லில் குத்திக்கொண்டது. வண்டி பின்னாலும் போகவில்லை, முன்னால் எடுத்தால் தகட்டைக் கவ்வியிருக்கும் யூ போல்ட் இழுபடும் சத்தம். ஜாக்கி வைத்துத் தூக்கி, கல்லைக் கடப்பாரையால் புரட்டி வெளியே வர முக்கால் மணி நேரம். அன்றைக்கே பின்தகட்டைக் கழற்றினேன், திரும்பப் போடவில்லை.

அதற்கப்புறம் பின் டிஃபரன்ஷியல் வெறுமனேதான் ஓடுகிறது. ஒன்றிரண்டு கீறல், அவ்வளவுதான். பின்பக்கம் என் வண்டியில் உண்மையில் அடி வாங்குவது ஆக்ஸிலைச் சேஸிஸோடு இணைக்கும் லோயர் ஆர்ம் வந்து சேரும் பிராக்கெட்டுகள். அவை தாழ்வாக, சக்கரத்தை ஒட்டி நிற்கின்றன. பணத்தை அங்கே போட்டேன். இரண்டு பிராக்கெட்டுக்கும் வளைந்த சிறு காலணி மாதிரி எஃகு துண்டு போட்டாயிற்று. பலர் இதை யோசிப்பதில்லை, காரணம் டிஃபரன்ஷியல் உருண்டையாகக் கண்ணில் படுகிறது, பிராக்கெட் படுவதில்லை.

முன்பக்கத்துக்கு இப்போது இருப்பது திண்டுக்கல்லில் ஒரு பட்டறையில் செய்தது. பூட்டுக்குப் பேர்போன ஊர், இரும்பு அங்கே சொன்னபடி கேட்கும். முதலில் அட்டையில் மாதிரி வெட்டி வண்டிக்கு அடியில் வைத்து வைத்துப் பார்த்தோம். தட்டையாக இல்லாமல் கிண்ணத்தின் முன்முகத்தை மூடி, அடியில் வளைந்து, பின்பக்கமும் மேலே ஏறுகிற மாதிரி செய்யச் சொன்னேன். தோசைக்கரண்டியைத் தட்டையாகப் போடாமல் இரண்டு நுனியையும் தூக்கிவிட்ட வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் போனாலும் கல் வழுக்க வேண்டும், நிறுத்தக் கூடாது. தடிமனைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் இந்த வடிவத்தைப் பற்றி ஒரு நிமிடம் பேசினால் போதும்.

பொருத்துவதில்தான் பட்டறைக்காரருக்கும் எனக்கும் வாக்குவாதம். "வெல்டு வச்சுட்டா சாகிற வரைக்கும் ஆடாது சார்" என்றார். ஆக்ஸில் குழாயில் நீளமாக வெல்டு வைத்தால் சூட்டில் குழாய் கோணும், சீலும் பேரிங்கும் பின்னாலேயே வரிசையில் நிற்கும். நான் ஒப்புக்கொள்ளவில்லை. யூ போல்ட் போட்டுக் குழாயில் கவ்வ வைத்தோம். முதல் முறை மாட்டியபோது ஒரு யூ போல்ட்டுக்கு அடியில் பிரேக் பைப் அகப்பட்டிருந்தது; இறுக்கும் முன் டார்ச் அடித்துப் பார்த்ததால் தப்பித்தோம். குழாயின் மேல் பிரேக் பைப்பும் ஏபிஎஸ் வயரும் ஓடும். யார் மாட்டினாலும் நீங்களே படுத்துப் பாருங்கள். அப்படியே ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, எந்த ராடும் தகட்டில் படவில்லை என்றும் பார்த்துவிடுங்கள். யூ போல்ட்டுக்கு அடியில் ரப்பர் வைக்க வேண்டாம். சத்தம் வராது என்று வைப்பார்கள், ரப்பர் நசுங்க நசுங்க நட்டு தளர்ந்துவிடும். எளிதில் தளராத நைலாக் நட்டு போட்டு 500 கி.மீ. ஓடியதும் ஒருமுறை இறுக்கினேன். பிறகு மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் பார்க்கிறேன்.

ஆயில் வடிக்கும் டிரெய்ன் பிளக்குக்கு நேரே தகட்டில் ஓட்டை வைத்தார்கள், ஆனால் பிளக் அளவுக்கே வைத்துவிட்டார்கள். சாக்கெட் நுழைய வேண்டாமா? ஆயில் மாற்றப் போன இடத்தில்தான் தெரிந்தது. கிரைண்டரில் பெரிதாக்கினோம்.

அப்புறம், சேறு. இடைவெளியில் செம்மண் போய் அடைத்துக்கொண்டு செங்கல்லாக இறுகும். ஈரம் உள்ளேயே நிற்கும், ஆக்ஸில் குழாயில் பெயின்ட் உரிந்து துருப்பிடிக்கும். தகட்டில் நாலு வடிகால் ஓட்டை போட்டும் தீரவில்லை. மாதம் ஒருமுறை பிரஷர் தண்ணீர் அடிக்கிறேன், மழைக்காலம் முடிந்ததும் கழற்றிச் சுரண்டி பெயின்ட் அடிக்கிறேன். இந்த வேலைக்குச் சோம்பல் படுகிறவர்கள் கார்டு போடாமல் பார்த்து ஓட்டுவதே நல்லது.

கார்டு காப்பாற்றாத விஷயம் ஒன்று இருக்கிறது. ஓடிச் சூடான டிஃபரன்ஷியலைக் குளிர்ந்த ஓடைத் தண்ணீரில் இறக்கினால் உள்ளே காற்று சுருங்கும். காற்று போய்வரும் குழாயான பிரீதர் சரியில்லை என்றால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஒருமுறை பின் டிஃபரன்ஷியல் ஆயிலை வடித்தபோது பால் கலந்த டீ நிறத்தில் வந்தது. பிரீதர் குழாயை நீட்டி உயரத்தில் கட்டிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. அதற்கு ஆன செலவு கார்டில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

நண்பர் ஒருவர் மஹிந்திரா தார் வண்டி வைத்திருக்கிறார், 2020க்குப் பிறகு வந்த மாடல். என் தகட்டைப் பார்த்து அதே மாதிரி வேண்டும் என்றார். அவர் வண்டிக்கு இது பொருந்தாது. தாரில் முன்பக்கம் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன். டிஃபரன்ஷியல் சேஸிஸில் தொங்குகிறது, சக்கரம் மட்டும் ஏறி இறங்கும். அங்கே தகட்டைச் சேஸிஸில் போல்ட் போட்டு மாட்டினால் போதும், லிஃப்ட் கிட்டும் அங்கே பலன் தரும். ஆனால் வேகமாகப் பள்ளத்தில் இறங்கி ஸ்பிரிங் அமுங்கினால் டிஃபரன்ஷியலும் கூடவே தாழும். ரிஜிட் ஆக்ஸிலில் அந்தக் கவலை இல்லை. தாரின் பின்பக்கம் மட்டும் நம் கதைதான்.

மொத்தச் செலவைச் சொன்னால் சிரிப்பீர்கள். கழற்றிப் போட்ட அலுமினிய செட்டுக்கு 14,000. பட்டறைத் தகடும் பிராக்கெட் காலணிகளும் சேர்த்து 6,500.

தகடு வந்த பிறகு நான் ஓட்டுவது கொஞ்சம் கெட்டுப்போனது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். முன்பெல்லாம் பெரிய கல்லைக் கண்டால் ஜீப் அண்ணன் சொன்னபடி சக்கரத்தை அதன் மேலேயே ஏற்றுவேன். சக்கரம் ஏறினால் ஆக்ஸிலும் சேர்ந்து ஏறும், டிஃபரன்ஷியல் தப்பிக்கும். முன் டிஃபரன்ஷியல் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கி இருப்பதால் அந்தப் பக்கத்துச் சக்கரத்தைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். இப்போது தகடு இருக்கிற தைரியத்தில் அப்படியே விட்டுவிடுகிறேன், "சர்ர்ர்" கேட்கிறது, போய்விடுகிறேன்.

31,000 கி.மீ. ஆகிறது. கூட்டில் புது நசுங்கல் ஒன்றுகூட இல்லை. தகட்டின் முன்வளைவு மட்டும் உள்ளே அமுங்கி, 6 மி.மீ. இடைவெளி இப்போது இரண்டோ மூன்றோதான் இருக்கிறது. வரும் ஐப்பசிக்கு முன் கழற்றிச் சுத்தியலால் நிமிர்த்த வேண்டும், முடியாவிட்டால் புதிது. அட்டை மாதிரியைத் தூக்கிப் போட வேண்டாம் என்று சொல்லிவைத்திருந்தேன். பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது.